ஒரு குளத்தில் எத்தனை செடி? நீர்த்தாவரங்களின் மரபணு வேறுபாடு, அரிச்சுவடியிலிருந்து

ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரை) மூடிக்கிடக்கும் குளத்தில் ஒரு செடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தனியாக வராது. தண்ணீருக்கடியில் ஓடுதண்டு ஒன்று நீண்டிருக்கும். அதன் மறுமுனையில் இன்னொரு செடி, அதற்கும் அப்பால் இன்னும் வேர் பிடிக்காத ஒரு குட்டி. தாயும் பிள்ளைகளுமாகக் கரைக்கு வந்து சேரும். வழியில் தண்டு முறிந்தாலும் ஒன்றும் குறையாது. பிள்ளை மிதந்து போய்த் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். இப்போது அந்தக் குளத்தில் எத்தனை செடி என்று கேட்டால் என்ன சொல்வது? கண்ணால் எண்ணினால் பல்லாயிரம் வரலாம். மரபணுவைக் கேட்டால் "ஒன்றுதான்" என்று சொல்லக்கூடும்.

நீர்த்தாவரங்களின் மரபணு வேறுபாட்டைப் படிக்கத் தொடங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். காட்டில் நூறு மரம் நின்றால் நூறு தனி உயிர்கள் என்று பெரும்பாலும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் அந்தக் கணக்கு செல்லாது. ஓடுதண்டு, மட்டநிலத்தண்டு, கிழங்கு, முறிந்த கிளைத்துண்டு என்று விதையே இல்லாமல் பெருகுவதற்கு அங்கே ஆயிரம் வழி. அதனால் வேறுபாடு எவ்வளவு என்று அளப்பதற்கு முன்னால் எதை எண்ணுகிறோம் என்று தீர்மானித்தாக வேண்டும்.

எளிமைக்காக இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவதைச் "செடி" என்போம். ஒரே விதையிலிருந்து கிளம்பி, ஓடுதண்டு விட்டும் முறிந்தும் எவ்வளவு தூரம் பரவியிருந்தாலும், அந்த மொத்தத்தையும் ஓர் "ஆள்" என்போம். ஆய்வாளர்கள் முன்னதை ராமெட் என்றும் பின்னதை ஜெனெட் என்றும் சொல்வார்கள். எனக்கென்னவோ செடி, ஆள் என்பதே நாக்கில் உட்காருகிறது.

சரி, மரபணு வேறுபாடு என்பது என்ன? ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலைப் பலர் பலமுறை படியெடுக்கிறார்கள். எங்கோ ஒருவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிடுகிறார். அதைப் பார்த்துப் படியெடுப்பவர்களும் அப்படியே எழுதுகிறார்கள். கொஞ்ச காலத்தில் ஒரே நூலுக்கு இரண்டு பாடபேதங்கள். டி.என்.ஏ.விலும் இதுதான் நடக்கிறது. படியெடுக்கும்போது நேரும் எழுத்துப்பிழையைத் திடீர்மாற்றம் என்கிறோம். அதனால் ஒரே மரபணுவுக்கு உண்டாகும் மாற்று வடிவங்கள்தான் அல்லீல்கள், அதாவது மரபணுவின் பாடபேதங்கள். பெரும்பாலான செடிகளிடம் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு படிகள் இருக்கும்: ஒன்று தாய்வழி, ஒன்று தந்தைவழி. இரண்டும் ஒரே பாடமாக இருக்கலாம், வேறு வேறாகவும் இருக்கலாம்.

விதை உண்டாகும்போது இரண்டு பெற்றோரின் படிகளும் கலைத்துப் போடப்பட்டுப் புதுச் சேர்க்கை பிறக்கிறது. ஓடுதண்டு வழியாகப் பிறக்கும் குட்டி அப்படியல்ல, தாயின் ஜெராக்ஸ்.

குளத்துக்கு உள்ளே

இனி ஒரு குளத்துக்குள் வேறுபாடு எவ்வளவு என்று பார்ப்போம். இதற்கு இரண்டு விதமான பதில் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது.

முதலாவது, ஆள் கணக்கு. குளத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து 30 செடிகளின் இலை எடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் எளிதில் மாறக்கூடிய பல டி.என்.ஏ. இடங்களைப் படிக்கிறோம். எல்லா இடத்திலும் ஒத்துப்போகும் செடிகளை ஒரே ஆள் என்று சேர்க்கிறோம். கடைசியில் 7 ஆட்கள் தேறினார்கள் என்று வையுங்கள். ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, செடிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும்: 6 ÷ 29, சுமார் 0.21. முப்பதும் ஒரே ஆள் என்றால் விடை 0. முப்பதும் தனித்தனி ஆட்கள் என்றால் 1. ஒன்றைக் கழிப்பதே இந்த 0 சரியாக வர வேண்டும் என்பதற்காகத்தான்.

இரண்டாவது, அல்லீல் கணக்கு. ஆட்களை மறந்துவிட்டு, குளத்தில் உள்ள மரபணுப் படிகள் எல்லாவற்றையும் ஒரு பானையில் கொட்டியதாக நினைத்துக்கொள்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு படிகள் எடுத்தால் அவை வெவ்வேறு பாடமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? அதுதான் குளத்தின் அல்லீல் வேறுபாடு.

இந்த இரண்டு கணக்கும் எதிரெதிர்த் திசையில் போகும் ஒரு வேடிக்கை உண்டு. குளம் முழுக்க ஒரே ஆள். அந்த ஆளிடம் ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் வேறு வேறு. ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்த இரண்டும் அப்படியே போவதால், குளத்தின் அத்தனை செடியும் கலப்பு. அந்த மரபணுவை மட்டும் பார்த்தால் ஒரு வடிவம் 50 சதவீதம், மற்றது 50 சதவீதம். இரண்டு வடிவம் மட்டும் இருக்கும்போது அதற்குமேல் வேறுபாடு சாத்தியமே இல்லை. ஆள் கணக்கிலோ சுத்த பூஜ்யம். பெற்றோர் கலந்து விதை வழியாகப் பெருகும் கூட்டத்தில் இதே 50-50 இருந்தால், 1908இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் ஜெர்மன் மருத்துவர் வைன்பெர்க்கும் தனித்தனியே காட்டிய கணக்குப்படி, பாதிச் செடிகள்தான் கலப்பாக இருக்க வேண்டும். நூற்றுக்கு நூறும் கலப்பு என்று வந்தால் 'இங்கே விதை வேலை செய்யவில்லை, ஓடுதண்டுதான் வேலை செய்கிறது' என்று சந்தேகப்படலாம்.

இலை பொறுக்குவதிலும் சூட்சுமம் இருக்கிறது. கரையில் நின்று கைக்கெட்டிய இடத்தில் முப்பது இலை பறித்தால் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைத்தான் பறித்திருப்போம். அதனால் சில மீட்டர் இடைவெளி விட்டு, ஆழமான பகுதி, ஆழமில்லாத பகுதி என்று சுற்றி எடுப்பார்கள். இளம் இலையாகப் பார்த்து, மேலே படிந்த பாசியைத் துடைத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட பையில் உலர்த்துவார்கள். துடைக்காவிட்டால் செடியின் டி.என்.ஏ.வோடு பாசியின் டி.என்.ஏ.வும் கலந்து பரிசோதனையைக் கெடுத்துவிடும்.

குளத்துக்கும் குளத்துக்கும்

அடுத்த கேள்வி: இந்தக் குளத்துக் கூட்டமும் அந்தக் குளத்துக் கூட்டமும் எவ்வளவு வேறு? பாடப்புத்தகங்கள் இதை இனக்கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு என்கின்றன. கணக்கு பயமுறுத்தும்படி எழுதப்பட்டிருக்கும். உண்மையில் கூட்டல், பெருக்கலுக்கு மேல் ஒன்றும் இல்லை.

இரண்டு குளங்கள். ஒரு மரபணுவுக்குச் சிவப்பு, நீலம் என இரண்டு வடிவங்கள். முதல் குளத்தில் சிவப்பு 80 சதவீதம், நீலம் 20. இரண்டாவதில் நேர்மாறு. முதல் குளத்தில் கண்ணை மூடி இரண்டு படிகள் எடுத்தால் அவை வேறாக இருக்கும் வாய்ப்பு: சிவப்புக்கு அப்புறம் நீலம், 0.8 × 0.2, நீலத்துக்கு அப்புறம் சிவப்பு, 0.2 × 0.8. கூட்டினால் 0.32. இரண்டாவது குளத்திலும் அதே 0.32. இப்போது இரண்டு குளத்தையும் ஒரே பானையில் கொட்டுங்கள். சிவப்பு 50, நீலம் 50. வேறாக வரும் வாய்ப்பு 0.5. மொத்த வேறுபாடு 0.5 என்றால், அதில் 0.32 குளங்களுக்கு உள்ளேயே இருக்கிறது. மீதி 0.18 குளங்களுக்கு நடுவே இருக்கிறது. 0.18 ÷ 0.5 = 0.36. மொத்த வேறுபாட்டில் 36 சதவீதம் குளத்துக்குக் குளம் உள்ள வித்தியாசத்தால் வந்தது.

அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் உருவாக்கிய எஃப்.எஸ்.டி. என்ற அளவு இதுதான். 0 என்றால் குளங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. 1 என்றால் ஒவ்வொரு குளமும் முழுக்க ஒரே வடிவம், ஆனால் குளத்துக்குக் குளம் வேறு வடிவம். மேலே உள்ள கணக்கில் 80, 20க்குப் பதில் 60, 40 போட்டுப் பாருங்கள்; விடை 0.04க்கு இறங்கிவிடும்.

இங்கேயும் முன்பு சொன்ன ஜெராக்ஸ் தொல்லை விடாது. ஒரு குளம் முழுக்க ஓர் ஆள், இன்னொரு குளம் முழுக்க வேறோர் ஆள், இருவருமே இந்த மரபணுவில் கலப்பு என்றால் எஃப்.எஸ்.டி. 0 காட்டும். இரண்டு குளத்துக்கும் பொதுவாக ஓர் ஆள்கூட இல்லை, ஆனாலும் 'வித்தியாசமில்லை' என்று விடை. ஒரு மரபணுவை மட்டும் நம்பாமல் பல இடங்களைப் படிப்பதும், ஒரே ஆளின் நகல்களை ஒருமுறை மட்டும் எண்ணிக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் இதனால்தான்.

குளங்கள் ஏன் பிரிகின்றன, ஏன் ஒட்டியே இருக்கின்றன? பிரிப்பதில் முதலிடம் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு. ஒரு பழைய குளத்தில் ஒரு அல்லீல் 10 சதவீதம் இருக்கிறது. அங்கிருந்து இரண்டே இரண்டு விதைகள் புதுக் குளத்துக்குப் போய் முளைக்கின்றன. இரண்டு விதை என்றால் நான்கு படிகள். நான்குமே அந்த அல்லீலைத் தவறவிடும் வாய்ப்பு 0.9 × 0.9 × 0.9 × 0.9, கிட்டத்தட்ட 66 சதவீதம். ஆக, புதுக் குளத்தில் அந்த அல்லீல் இல்லாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். அதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. வண்டி ஏறவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு வறட்சியில் குளம் சுருங்கி ஒருசில ஆட்கள் மட்டும் பிழைத்தால், அதே சீட்டுக்குலுக்கல் இன்னொரு முறை. இப்படித் தற்செயலால் அல்லீல்களின் விகிதம் மாறுவதை மரபணு நகர்வு என்பார்கள். இதற்கு மேல், ஒவ்வொரு குளத்தின் உப்பும் ஆழமும் வெப்பமும் தனக்கு ஏற்றவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதும் உண்டு.

ஒட்டவைப்பது மரபணு ஓட்டம், அதாவது ஒரு குளத்து மரபணுக்கள் இன்னொரு குளத்துக்குப் போய்ச் சேர்வது. குளம் என்பது நிலத்தின் நடுவே ஒரு தீவு. அங்கிருந்து அடுத்த தீவுக்கு விதை எப்படிப் போகும்? சார்லஸ் டார்வினுக்கும் இந்தக் கேள்வி இருந்தது. ஒரு சிறு குட்டையின் ஓரத்தில், தண்ணீருக்கடியில் மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை எடுத்து, தன் படிப்பறையில் ஆறு மாதம் மூடிவைத்தார். முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார். 537. அவ்வளவு சேறும் ஒரு காலை உணவுக் கோப்பைக்குள் அடங்கக்கூடியது. நீர்ப்பறவையின் காலில் ஒட்டும் சேறு எத்தனை விதையைச் சுமக்கும் என்று அவர் அதிலிருந்து யோசித்தார். பறவையின் வயிற்றுக்குள் செரிக்காமல் போய் முளைக்கும் விதைகளும் உண்டு.

இந்த ஓட்டம் ஏராளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரைட்டின் எளிமைப்படுத்திய மாதிரியில், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலைமுறைக்கு வெளியிலிருந்து சராசரியாக ஒரே ஒருவர் வந்து சேர்ந்தாலே எஃப்.எஸ்.டி. சுமார் 0.2க்கு மேல் ஏறாது. உண்மையான குளங்கள் மாதிரியைப் போலச் சொன்னபடி கேட்பதில்லை என்பது வேறு விஷயம். ஆறு என்றால் இன்னொரு கோணம் சேர்கிறது. விதையும் துண்டும் மேலிருந்து கீழேதான் போகும்; எனவே கீழ்ப்பகுதியில் வேறுபாடு குவிய வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். சில ஆறுகளில் அப்படித் தெரிகிறது, பலவற்றில் இல்லை.

நேரம் என்ற பாலமும் இருக்கிறது. சீனாவின் வடகிழக்கில் வறண்டுபோன ஏரிப்படுகையிலிருந்து எடுத்த தாமரை விதை ஒன்று, சுமார் 1,300 ஆண்டு கழித்து முளைத்தது. அடிச்சேற்றில் புதைந்த விதைகள் பழைய தலைமுறைகளின் அல்லீல்களைப் பிடித்துவைத்திருக்கும். குளம் வற்றி மேலே உள்ளது எல்லாம் அழிந்தாலும், அடுத்த மழைக்கு அந்தச் சேமிப்பு திறக்கலாம்.

உலகத்தைச் சுற்றிய ஓர் ஆள்

ஆகாயத்தாமரையின் சொந்த இடம் தென் அமெரிக்கா. பூ அழகாக இருக்கிறது என்று மனிதர்களே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தாவர ஆய்வாளர் ஸ்பென்சர் பேரட் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் சொந்த மண்ணிலும் வெளியிலுமாக 54 கூட்டங்களிலிருந்து 1,140 செடிகளைப் பரிசோதித்தார்கள். தேறிய ஆட்கள் 49 பேர். அதில் ஒரே ஓர் ஆள் மட்டும், எடுத்த செடிகளில் சுமார் 71 சதவீதம்! வெளியே பரவிய கூட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தில், குளத்துக்கு ஒரே ஆள்தான். கண்டம் விட்டுக் கண்டம் பரவியிருக்கும் பச்சைப் போர்வையின் பெரும்பகுதி ஒரே ஆளின் துண்டுகள்.

இதற்குப் பூவிலேயே ஒரு சாட்சி உண்டு. ஆகாயத்தாமரைப் பூக்களில் சூல்தண்டு நீளமானது, நடுத்தரமானது, குட்டையானது என்று மூன்று வகை. மூன்றும் தென் அமெரிக்கத் தாழ்நிலங்களில் உண்டு. குட்டை வகை வெளியே போகவே இல்லை. வெளியே எங்கும் பெரும்பாலும் நடுத்தர வகைதான். மேலே சொன்ன 'வண்டி ஏறவில்லை' கதை, இங்கே பரிசோதனைக்கூடம் இல்லாமலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் ஜெராக்ஸ் கூட்டம் மாறவே மாறாதா? ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. மீன்தொட்டிச் செடியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் ஏரிகளை அடைத்துக்கொண்ட வகையில் பெண் செடிகள் மட்டுமே. ஆண் இல்லாததால் விதையும் இல்லை, துண்டும் கிழங்கும்தான். அதை ஒழிக்க ஃபுளூரிடோன் என்ற களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் ஊற்றினார்கள். செடியின் நிறமிகளை உண்டாக்கும் ஒரு நொதியை அது முடக்கும். இலை வெளுத்துச் செடி சாகும். ஆனால் சில ஏரிகளில் மருந்துக்கு அசையாத செடிகள் தலைகாட்டின. ஆராய்ந்ததில், அந்த நொதியின் 304ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறியிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே மாற்றம்கூட இல்லை. மூன்று வெவ்வேறு மாற்றங்கள் தனித்தனியே நேர்ந்திருந்தன. விதை வழியாக இல்லாமல், வளரும் தண்டின் செல்லில் நேர்ந்த எழுத்துப்பிழை அப்படியே துண்டு துண்டாகப் பரவியிருக்கிறது. கோடிக்கணக்கான முனைகள் வளரும் ஏரியில் அரிய பிழைக்கும் இடம் கிடைத்துவிடும். ஜெராக்ஸ் இயந்திரமும் எப்போதாவது ஒரு எழுத்தை விழுங்கத்தானே செய்கிறது.

வேறுபாடு இருந்தால்தான் என்ன லாபம்? கடற்புற்களில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். கடற்புல் என்பது பாசியல்ல. பூத்துக் காய்க்கும் செடிதான், கடலுக்கடியில் வாழ்கிறது. கலிஃபோர்னியாவின் போடேகா விரிகுடாவில் ஜோஸ்டெரா என்ற கடற்புல்லைச் சிறு சிறு பாத்திகளாக நட்டார்கள். சில பாத்திகளில் ஒரே ஆளின் நகல்கள், சிலவற்றில் 8 ஆட்கள் வரை. அப்புறம் வாத்து இனப் பறவைகள் வந்து மேய்ந்துவிட்டன. ஆட்கள் அதிகம் இருந்த பாத்திகளில் புல் கூடுதலாக மிஞ்சியது. பழைய அடர்த்திக்கும் சீக்கிரம் திரும்பியது. ஐரோப்பாவின் பால்டிக் கடலில் இதேபோல நட்டு வைத்திருந்தபோது 2003இன் கடும் வெப்பம் வந்தது. அங்கும் கலவையான பாத்திகளே நன்றாகத் தேறின.

அதற்காக 'ஒரே ஆள் என்றால் பலவீனம்' என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் பொசிடோனியா என்ற கடற்புல்லின் ஒரே ஆள் 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் படர்ந்திருப்பதை 2022இல் கண்டுபிடித்தார்கள். வயது குறைந்தது 4,500 ஆண்டு என்பது மதிப்பீடு. அதன் இனத்தில் வழக்கமாக 20 குரோமோசோம்கள், இதனிடம் 40. இரண்டு பெற்றோரின் முழுத்தொகுதியையும் சேர்த்து வைத்திருப்பதால், ஓர் ஆளுக்குள்ளேயே நிறையப் பாடபேதங்கள். ஆள் கணக்கு பூஜ்யமாக இருந்தும் அல்லீல் கணக்கு கனமாக இருக்கலாம் என்று முன்பு சொன்னதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட முடியாது. அந்த விரிகுடாவில் உப்பும் வெப்பமும் இடத்துக்கு இடம் நிறைய மாறுகின்றன. அத்தனையிலும் அந்த ஓர் ஆள் தாக்குப்பிடிக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் கைக்கு வருவது, அழிந்த இடத்தில் திரும்ப நடும்போது. ஒரு கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கூடை நாற்றைப் பிடுங்கி நட்டால், நூறு செடியாகத் தெரிந்தாலும் நட்டது இரண்டு மூன்று ஆட்களாகப் போகலாம். எங்கோ தொலைவிலிருந்து கொண்டுவந்தால் வேறுபாடு கூடும், ஆனால் உள்ளூர் உப்புக்கும் வெப்பத்துக்கும் ஒத்துவராமல் போகலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா கடலோர விரிகுடாக்களில் ஜோஸ்டெரா 1930களின் தொடக்கத்தில் நோயாலும் 1933ஆம் ஆண்டுப் புயலாலும் துடைத்தெறியப்பட்டது. பல பத்தாண்டுகள் அங்கே அது திரும்பவில்லை. 1999 முதல் நாற்றுக்குப் பதிலாக விதைகளைச் சேகரித்துத் தூவத் தொடங்கினார்கள். ஒவ்வொரு விதையும் ஒரு புது ஆள். இருபது ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேல் விதை போனது. சுமார் 200 ஹெக்டேரில் தூவியது தானாகவே பரவி ஏறத்தாழ 3,600 ஹெக்டேர் கடற்புல் வெளியாகிவிட்டது. அதன் மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது, விதை எடுத்த தாய்க்கூட்டத்தில் இருந்த வேறுபாடு புது இடத்திலும் அப்படியே இருந்தது.